தியேட்டரில் நாற்பது வருடம்

முருகன் துணை

செயின்ட்-மிஷேல்,
செவ்வாய்க்கிழமை

கர்க்லாண்டில் இருக்கும் அன்புள்ள அரியரத்தினம் அண்ணைக்குத் தங்கை செல்வமலர் எழுதிக்கொள்வது. முருகன் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். உங்கள் வெள்ளிக்கிழமை ஒப்பரேஷனும் பிசகாமல் நடக்க வேண்டுகிறேன்.

அண்ணை, முதல் விசயம். வெள்ளிக்கிழமை காலை ஒன்றும் சாப்பிடாதீர்கள். புட்டுச் சாப்பிட்டுப் பிராந்தியும் குடித்துவிட்டுப் போங்கள் என்று நான் போன கிழமை சொன்னதை மறந்துவிடுங்கள். தொலைபேசியில் சொன்னால் உங்கள் காதுக்குப் பாதிதான் எட்டும் என்பதால், உங்கள் மகள் சாம்பவியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நடந்தது இதுதான். மேல்வீட்டுப் போலந்துக்காரி ஹலினா, வார்சாவில் நாற்பது வருடம் தியேட்டரில் இருந்ததாகச் சொன்னார். தியேட்டர் என்றால் ஆஸ்பத்திரியில் வெட்டுகிற இடம்தானே; படம் பார்க்கிற இடத்தில் நாற்பது வருடம் யார் இருப்பார்கள்? எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை இங்கிலிஷ். அதிலேயே உங்கள் கதையை எடுத்தேன்.

"என்ரை அண்ணையை வெள்ளிக்கிழமை தியேட்டருக்குள்ளை கொண்டுபோகினம். சரியாப் பயப்பிடுறார்."

"முதல் தரமோ? என்ன பார்ட்?"

"பித்தப்பை."

கொஞ்சம் யோசித்தார். "சின்னப் பார்ட்தான். எண்டாலும் முழுமனதோடை செய்யச் சொல்லு. வெறுவயித்தோடை போனால் கால் நடுங்கும். வடிவாச் சாப்பிட்டு ஒரு மிடறு பிராந்தியும் குடிக்கட்டும்."

"அங்கை ஆரும் செத்திருக்கினமோ?"

"நானே எத்தினை தரம் செத்தனான். சனம் எழும்பி நிண்டு கைதட்டும்."

அவருடைய இங்கிலிஷ் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

நேற்றுத் தனக்குப் பாராட்டு விழா என்று போலந்துச் சங்க மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். எத்தனை உயிர் காத்த கை என்று நானும் திருநீறு பூசி, பூமாலையோடு போனேன். விளக்கை அணைத்தார்கள். திரையில் இளவயது ஹலினா ஒருத்தனைக் கொஞ்சுகிறார், அடுத்த படத்தில் அவனுக்கே நஞ்சு கொடுக்கிறார், அதற்கடுத்ததில் கன்னியாஸ்திரியாகித் தானும் சாகிறார். பக்கத்தில் இருந்த யோசெப்பின் என்ற மனிசியிடம், "டொக்டர் ஏன் இப்பிடிச் செய்யிறா?" என்று கேட்டேன்.

"ஆர் டொக்டர்? போலந்திலை இவவைத் தெரியாத ஆளில்லை. எவ்வளவு பெரிய நடிகை."

அரிசி பருப்புக் கணக்கில் பிசகாத நான், கூடப்பிறந்தவரின் உயிரை நாடகக்காரியின் பேச்சில் வைத்துவிட்டேனே. ஆகையால் இனி அவர் சொன்ன எதையும் கேட்கவேண்டாம். டொக்டர் சொல்வதே வேதவாக்கு.

நல்லூர் முருகன் பித்தப்பைக் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு உங்களை எங்களிடம் தருவான். மச்சாளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
செல்வமலர்

பி.கு.: கடிதத்தை மடிக்கேக்கை ஹலினா வந்தா. எல்லாத்தையும் அழுதழுது சொன்னன். அவ சிரிக்கேல்லை. என்ரை கையைப் பிடிச்சு, மேடை ஏறமுதல் தான் மூச்சு விடுற விதத்தைப் பழக்கினா. நேற்றுத் தொடக்கம் இருந்த நடுக்கம் அதோடை நிண்டிட்டுது. வெள்ளிக்கிழமை அவவையும் கூட்டிக்கொண்டு வாறன். அவ சொல்லுறதை அப்பிடியே செய்யுங்கோ. சாப்பாட்டிலை மட்டும் கேளாதேங்கோ.