பீட்சா நடையில் உங்கள் அத்தை காணாமல் போன விவரம்

சௌடேஸ்வரி அம்மன் துணை

பெங்களூரு,
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை சௌந்தர் அவர்களுக்கு மாமா சென்னய்யா எழுதுவது. இவ்விடம் நானும் தங்கள் அத்தை பஞ்சம்மாளும் ஹேமலதாவும் அம்மன் புண்ணியத்தில் சௌக்கியம். அத்தையின் முழங்கால் மட்டும் இந்தச் சௌக்கியத்தில் சேராது. ஜெர்மனியில் தாங்களும் தங்கள் ஆபீஸ் வேலையும் நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன். "எதுக்குப்பா கடிதம், போன் போட்டுத் தாரேன், பேசுங்க" என்றாள் ஹேமா. மாப்பிள்ளை, கல்யாணமாகி இத்தனை நாளில் நாம் இருவரும் போனில் "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன் மாமா" என்பதைத் தாண்டியதில்லை. இந்த விசயம் அதற்குள் அடங்காது. ஆகவே காகிதத்தில் எழுதித் தருகிறேன், அவள் போட்டோ எடுத்துத் தங்களுக்கு அனுப்புவாள்.

முதலில் நன்றி. எங்கள் கல்யாண நாளை நாங்களே மறந்திருக்க, கடல் தாண்டி இருந்துகொண்டு ஞாபகம் வைத்து என் போனுக்குப் பரிசுச் சீட்டு அனுப்பினீர்களே, அந்த மனசு யாருக்கு வரும்! பீட்சா ருசி பார்க்கும் நடைச் சுற்றுலா, கூட ஒரு வழிகாட்டி வருவார், நாலு கடை, இரண்டு பேர் என்று ஹேமா படித்துக் காட்டியபோது எனக்கு விளங்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டவன்தான் நடப்பான். ருசி பார்ப்பது கல்யாண வீட்டுச் சமையல்காரர். இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு டிக்கெட் வேறயா என்றுதான் தோன்றியது. ஆனாலும் மாப்பிள்ளை கொடுத்தது, போகாமல் இருக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வெள்ளைச் சட்டையும் அத்தை அரக்குக் கலர் புடவையுமாகக் கிளம்பிவிட்டோம்.

போவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பேசுவது கன்னடம், வெளியே தமிழ் என்பது தாங்கள் அறிந்ததுதான். அந்தக் கன்னடம் எத்தனையோ தலைமுறையாக அருப்புக்கோட்டைத் தறிச் சத்தத்தில் கிடந்து பாதி தமிழாகிப் போனது. ஹேமாவுக்குத் துணையாகப் பெங்களூரு வந்து இறங்கின அன்றைக்கே அத்தையிடம் சொல்லி வைத்தேன், "இங்க வந்து நம்ம வீட்டுப் பாஷையை எடுத்துவிட்டுறாத, கேட்டா சிரிப்பாக" என்று. அதைப் பிடித்துக்கொண்டு அவள் வந்த நாளிலிருந்து லிஃப்டில், மாடியில், காய்கறி வண்டிக்காரரிடம், எங்கேயும் வாயைத் திறக்காமல் சிரிப்போடு நிறுத்திக்கொண்டாள். ஊரில் தண்ணி லாரி வந்தால் தெருவுக்கே கேட்கிற குரல். ரெண்டு தடவை "ஊருக்குப் போவமா?" என்று கேட்டாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன்.

வழிகாட்டி வந்தது ஒரு சின்னப் பொண்ணு, நர்கிஸ் என்று பேர், சிவாஜிநகர்க்காரி, ஒரே மூச்சில் நாலு பாஷை பேசுது. கையில் சிவப்புக் குடை, மழையில்லை, வெயிலில்லை, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, நாங்கள் பின்னால் போக வேண்டியது. எங்களோடு டெல்லிக்காரக் குடும்பம் ஒன்று, புதுசாக் கல்யாணமான ஜோடி ஒன்று. முதல் கடையில் விறகு அடுப்பு. தோசையைவிட மெலிசாக ஒன்று வந்தது. நர்கிஸ் "உடனே சாப்பிடக் கூடாது அங்கிள், முதல்ல பாக்கணும், அப்புறம் மோந்து பாக்கணும்" என்றது. அது சொல்லி முடிக்கையில் என் தட்டு காலி. கடிக்கக் கடிக்க சீஸு இழுத்துக்கிட்டே வருது மாப்பிள்ளை, அறுபட மாட்டேங்குது, பக்கத்தில் இருந்த அத்தை தறிவீட்டுக்காரி இல்லையா, கை சும்மா இருக்குமா, அந்த இழையை விரலால் முறுக்கி லாவகமா அத்து என் தட்டில் போட்டாள். டெல்லிக்காரம்மா கை தட்டிச்சு. மேலே ரெண்டு பச்சை இலை கிடந்தது. நர்கிஸ் அதுக்கு என்னமோ இத்தாலிப் பேர் சொன்னது, துளசிக்குச் சொந்தம் என்றும் சொன்னது. அவ்வளவுதான், அத்தை இலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள், அத்தோடு "துளசி உள்ள போயிருச்சு, இனி கறி வேண்டாம்" என்று சைகை காட்டிவிட்டாள். அதனால் ரெண்டாம் கடையில் அவளுக்கு வந்த கோழி பீட்சாவும் என் பொறுப்பாயிற்று. நானும் சலிக்காமல் பொறுப்பேற்றேன்.

அந்த ரெண்டாம் கடையில்தான் வினை. அத்தை கை கழுவ உள்ளே போனாள். நான் நர்கிஸ்ட்ட, அருப்புக்கோட்டை–திருச்சுழி ரூட்டுல நான் கண்டக்டரா இருந்த கதையை ஆரம்பிச்சிருந்தேன். ஒரு தடவை எம்.ரெட்டியபட்டி ஸ்டாப்புல பருத்தி மூட்டையை ஏத்திவிட்டுட்டு ஒரு அம்மா ஏறாம நின்னுட்டாக, நாலு ஸ்டாப்பு தாண்டி வந்த பஸ்ஸைத் திருப்பிக்கிட்டுப் போய் ஏத்தியாந்தேன், டிரைவர் ஜெயபாண்டி என்னைய ஏசாத ஏச்சில்லை, "ஏலே, இது பஸ்ஸா உன் மாட்டு வண்டியா?"ன்னு கேட்டான், ஆனா என் சர்வீஸுல ஒரு ஆளை நடுவழியில விட்டதில்ல பாப்பா, விசில் ஊதுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை திரும்பிப் பாப்பேன், அப்படின்னு சொல்லிக்கிட்டே நடந்தேன். அந்தப் பொண்ணும் "சூப்பர் அங்கிள், சூப்பர் அங்கிள்"னு கேட்டுக்கிட்டே வந்துச்சு. மூணாவது கடை வந்துருச்சு. உக்காந்தோம். ஆளுக்கு ஒரு துண்டுன்னு தட்டு வந்துச்சு. ஒரு தட்டு மிச்சம். சமையக்காரர் தாராளமா அனுப்பியிருக்காரு, வீணாப் போகக் கூடாதேன்னு அதையும் எடுத்துச் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, காளான் போட்டது. சாப்பிட்டு முடிச்சு, தண்ணி குடிச்சு, கையைத் தொடைச்சுக்கிட்டு, "இது யாரோட துண்டு?"ன்னு கேட்டேன். பக்கத்து நாற்காலி காலியாக் கிடந்துச்சு.

மாப்பிள்ளை, அப்ப எனக்கு வந்தது எதிரிக்கும் வரக் கூடாது. அவ போன் என் சட்டைப் பையில. காசு என்கிட்ட. வீட்டு அட்ரஸ் எனக்கே முழுசாத் தெரியாது. போதாக்குறைக்கு, யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு வாயைக் கட்டி வச்சவனும் நான்தான். நர்கிஸ் குடையை டெல்லிக்காரர் கையில குடுத்துட்டு என்னோட ஓடியாந்துச்சு. வந்த வழியெல்லாம் ஒரே மாதிரிக் கடை, ஒரே மாதிரிக் கண்ணாடி, எந்தத் தெருவுல திரும்புனோம்னு புரியல. கல்யாணம் ஆன நாள்லருந்து நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, "இந்தா", "ஏய்", "ஹேமா அம்மா", இவ்வளவுதான். அன்னைக்கு நடுரோட்டுல நின்னு "பஞ்சம்மா! பஞ்சம்மா!"ன்னு கத்தினேன். ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி என்னன்னு கேட்டாரு. எம் பொண்டாட்டியை விட்டுட்டு வந்துட்டேன் சாமின்னேன். "எங்கே?"ன்னாரு. "பீட்சாவுல"ன்னேன்.

ரெண்டாவது கடைக்குள்ள நுழைஞ்சா, மேசையில அவ இல்ல. அப்பத்தான் உள்ள, அடுப்படியிலருந்து ஒரு குரல். தண்ணி லாரிக் குரல்! தடுப்பைத் தாண்டிப் போய்ப் பாத்தா, மாவு மேசைக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உங்க அத்தை உக்காந்திருக்கா, முழங்கை வரைக்கும் மாவு. அவளைச் சுத்திச் சமையக்காரங்க. தும்கூர்ப் பக்கத்துக்காரம்மா ஒருத்தி, கை கழுவப் போனவகிட்ட "முழங்கால் வலியா?"ன்னு கன்னடத்துல கேட்டிருக்கு. அவ்வளவுதான் கேட்டுச்சு. இவ அதுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சவ முழங்கால்ல தொடங்கி, ஹேமா பொறந்தது, தறி வாங்கினது, நம்ம ஊர்ல மழை பொய்ச்சது வரைக்கும் வந்துட்டா. ஒருத்தரும் சிரிக்கல மாப்பிள்ளை. அந்தம்மா நர்கிஸ்கிட்டச் சொல்லுது, "இவங்க பேசுறது எங்க பாட்டன் காலத்துப் பேச்சு, காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும் போல இருக்கு"ன்னு. நான் வேர்த்து விறுவிறுத்து நிக்கிறேன். உங்க அத்தை என்னை ஏற இறங்கப் பாத்துட்டு அத்தனை பேர் முன்னாடியும் கன்னடத்துல கேட்டா, "ஊட்டா ஆய்தா?" சாப்பிட்டாச்சான்னு!

ரெண்டு பேர் பங்கையும் சாப்பிட்டவன் என்னத்தைச் சொல்ல. அப்படியே மாவு மூட்டை மேல உக்காந்துட்டேன். "எங்கிட்டுப் போனீக? உங்களைக் காணலைன்னு இவுககிட்ட இப்பத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்"ங்கிறா. தான் தொலைஞ்சதே அவளுக்குத் தெரியல. தொலைஞ்சது நானாம்! நானும் மறுக்கல. "ஆமா பஞ்சம்மா, தொலைஞ்சுதான் போனேன்"னேன். பேரைக் கேட்டதும் ஒரு நிமிசம் என்னையவே பாத்தா. பெறகு கையை முந்தானையில தொடைச்சுக்கிட்டு, தானே தட்டி அடுப்புல வச்ச பீட்சாவை எடுக்கச் சொன்னா. கோணல் மாணலா, நம்ம கம்பு அடை மாதிரி இருந்துச்சு. பச்சை மிளகாயும் வெங்காயமும் மட்டும் போட்டது. அதை எடுத்துக்கிட்டு மூணாம் கடைக்குப் போய் எல்லாருக்கும் பங்கு வச்சோம். நர்கிஸ் "முதல்ல பாக்கணும், மோந்து பாக்கணும்"னு ஆரம்பிச்சுச்சு. அத்தை கன்னடத்துல "சூட்டோட தின்னு தாயி"ன்னா. நாலாவது கடைக்குப் போகவே இல்ல. யாருக்கும் இடமில்ல.

திங்கட்கிழமை காலையிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. கீழ் வீட்டம்மா, காய்கறி வண்டிக்காரர், செக்யூரிட்டி எல்லோருக்கும் இப்போது எங்கள் குடும்பக் கதை தெரியும். ஊருக்குப் போவமா என்று நான்தான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன், "என்ன அவசரம்?" என்றாள். மாப்பிள்ளை, தாங்கள் எங்களுக்குத் தின்ன வாங்கிக் கொடுத்ததாக நினைத்திருப்பீர்கள். அவளுக்குப் பேச்சு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு எதை வாங்கிக் கொடுத்தீர்கள் என்று எழுதத் தெரியவில்லை. இப்படி யோசித்து யோசித்து, மனசறிந்து ஒரு பரிசைத் தேர்ந்தெடுக்கும் மாப்பிள்ளை கிடைத்தது எங்கள் குலதெய்வம் கொடுத்த வரம்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகவும். வேலைக்கு நடுவே வயிற்றைக் காயப் போட வேண்டாம். எல்லா நலமும் கூடி, போன வேலை நிறைவாக முடிந்து, பூரித்த முகத்தோடு வீடு வந்து சேர மாமாவும் அத்தையும் வாயார வாழ்த்துகிறோம்.

இங்ஙனம்,
தங்கள் மாமா
சென்னய்யா

பின்குறிப்பு: ஹேமா இதைப் போட்டோ எடுக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்கு போன் வந்தது. தாங்கள் ஹேமாவின் நம்பரைக் கொடுத்து எனக்கும் அத்தைக்கும் பணம் கட்டி வைத்தது முழு உடல் பரிசோதனையாம். பீட்சா நடை இங்கே பெங்களூரு ஆபீஸில் இருக்கும் தங்கள் மேனேஜருக்கும் அவர் சம்சாரத்துக்குமாம். அனுப்பும்போது சீட்டு மாறிவிட்டது. பாவம், அவுக ரெண்டு பேரும் நேற்றுக் காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, சௌந்தருக்கு ரொம்ப நன்றி என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். எனவே மேலே எழுதிய நன்றியைத் தாங்களே வைத்துக்கொள்வதா, மேனேஜருக்குக் கொடுப்பதா என்பதைத் தங்கள் யோசனைக்கு விடுகிறேன். ரிப்போர்ட் ஹேமாவின் போனுக்கு வந்திருக்கிறது. மேனேஜர் சம்சாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. மேனேஜருக்குத்தான் கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தியாம். தாங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடவும்.