நைனா விலை

விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்புகிற திறமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அப்படிப்பட்டவனுக்குச் சர்க்கார் கொடுத்த வேலை, கடை கடையாகப் போய் விலை மட்டும் கேட்டு வருவது.

யுத்த காலம். விலைவாசி ஏறுவதைப் பார்த்துத்தான் ஆலைத் தொழிலாளிக்குப் பஞ்சப்படி. எஸ்.எஸ்.எல்.சி. படித்த என்னைத் தற்காலிகமாகச் சேர்த்து, மயிலாப்பூர்ப் பக்கத்தை ஒப்படைத்தார்கள். ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம் என்றார் அதிகாரி. புதிதாகக் கல்யாணம் ஆனவனுக்கு அது பெரிய வார்த்தை.

காய்கறிக் கடைகளில் சமாளித்தேன் (மற்றவர்கள் பேரம் பேசுவதை ஒட்டுக் கேட்டு எழுதிக்கொள்வேன்). நொச்சிக்குப்பம் சாலையோரத்தில் அது பலிக்கவில்லை. மீன் விற்கும் அஞ்சலை முதல் நாளே என்னை நேராகப் பார்த்துவிட்டாள்.

"இன்னா நைனா, நெத்திலி கூறு நாலணா. போடட்டா?"

தலையாட்டினேன். நாலணா என்று எழுதியும் கொண்டேன். அடுத்த வாரம் ஐந்தணா என்றாள். அதற்கும் தலையாட்டினேன். பிறகு ஆறு, ஏழு. (வீட்டில் ஓயாமல் நெத்திலிக் குழம்பு. அது என் ஆசை என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.)

ஆபீசில் குழப்பம். மற்ற மார்க்கெட்டுகளில் அசையாத நெத்திலி இங்கே மட்டும் ஏன் பறக்கிறது? பெட்ரோல் தட்டுப்பாடு என்று அதிகாரி முடிவு கட்டினார். கட்டுமரத்துக்குப் பெட்ரோல் எதற்கு என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. கடைசியில் அவரே நேரில் பார்க்கக் கிளம்பினார். நான் பத்தடி பின்னால் போனேன்.

"கூறு என்ன விலைம்மா?" என்றார்.

"நாலணா சாமி."

"அநியாயம். ரெண்டணா."

"சரி, மூணணா குடுத்துட்டு எட்துக்கினு போ."

அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். "வா நைனா! உன் கூறு தனியா கீது. எட்டணா."

அதிகாரி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், "எனக்கு மூணணா, இவருக்கு எட்டணாவா?" என்றார்.

"அது ஊரு வெல சாமி. இது நைனா வெல. இன்னா சொன்னாலும் தலைய ஆட்டுவாரு. பாவம், நல்ல மன்சன்."

டிராம் வரும்வரை அவர் என் விலைக் குறிப்புகளை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் எட்டணா கொடுத்து வாங்கிய நெத்திலியோடு பக்கத்தில் நின்றேன்.

வேலை நிரந்தரம்தான் ஆயிற்று. இவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பவே கூடாது என்று எழுதிவைத்து, ஆபீசுக்குள் கூட்டல் போடும் மேஜையில் உட்கார வைத்தார்கள்.

இன்றைக்கும் மார்க்கெட்டுக்குப் போனால், என் மனைவி என்னை எதிர்ச்சாரியில் நிறுத்திவிட்டுத்தான் பேரத்தை ஆரம்பிப்பாள். என் முகம் தெரிந்தால் விலை ஏறிவிடுமாம். காசைக் கொடுத்து முடித்த பிறகு, பையைத் தூக்கக் கைகாட்டிக் கூப்பிடுவாள்.