மைனர் காரில் மாமியார் வீடு

அறுபத்தேழாம் வருஷம் ஆனி மாசக் கடைசியில் முத்துராமன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். கார் வாங்குவதென்று. அதுவும் சின்னக் கார். எவ்வளவு சின்னது என்றால், மாமியார் வீட்டு ஆள் ஒருத்தர்கூட ஏற முடியாத அளவுக்கு.

பாவம், அவனுக்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பெண்டாட்டி புஷ்பவள்ளியோடு தனியாக ஓர் இடம் போனதில்லை. நாட்டரசன்கோட்டைக் கோயிலுக்குக் கிளம்பினால் சிங்கம்புணரியிலிருந்து மாமியார் மீனம்மாள் வந்து நிற்பார். மதுரைக்கு சினிமாவுக்குப் போனால் பெரிய மாமியார் ஒச்சம்மாள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து முறுக்குக் கடிப்பார். காரைக்குடியில் சைக்கிள் கடையே கதி என்று கிடந்தவனுக்கு இந்த ஆடிச் சாரலுக்காவது குற்றாலம் போக ஆசை. பக்கத்தில் அவள், அவள் மடியில் கைப்பிள்ளை. அவ்வளவுதான்.

மளிகைக்கடை அபுதாஹிரிடம் பழைய மாரிஸ் மைனர் இருந்தது. பேசி முடித்து ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினான்.

"என்னங்க இது, ஆமையாட்டம் இருக்கு?"

"மாரிஸ் மைனர்!"

"மைனரா? குடும்பத்துக்கு ஆகாத பேரால்ல இருக்கு."

"சரித்திரம் தெரியாமப் பேசாத வள்ளி. யுத்தம் முடிஞ்ச கையோட, மாசச் சம்பளக்காரனும் கார் ஓட்டணும்னு வெள்ளைக்காரன் செஞ்ச வண்டி. செஞ்சு பார்த்தா எஞ்சினியருக்கு மனசு ஒப்பலை. ஒடுக்கமாத் தெரிஞ்சுச்சாம். நெடுக்க ரெண்டா அறுக்கச் சொல்லிட்டான். ரெண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வச்சுப் பார்த்தான். நாலு அங்குலம் தள்ளுனதும் அழகு வந்துருச்சு! மூஞ்சிக்கு நடுவுல பட்டையா ஓடுது பாரு, அதுதான் அந்த நாலு அங்குலம்."

"ரெண்டா ஒடச்ச தேங்காயையா காசு குடுத்து வாங்கியாந்தீக?"

அன்று சாயங்காலமே மானகிரி வரைக்கும் அவளை ஏற்றிப் போய் வந்தான். ஸ்டீரிங் ஒரு விரலுக்குத் திரும்புவதைக் காட்டினான். சின்னச் சக்கரத்தை நாலு மூலைக்கும் தள்ளி வைத்ததால் வண்டி கவிழாது என்றான். அவள் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. பூரித்துப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர்களுக்கெல்லாம் நாலு அங்குலக் கதைதான்.

குற்றாலம் கிளம்புவதற்கு முதல் நாள் மாலை. வாசலில் நாலு மூட்டை, நாலு ஆள். மீனம்மாள், ஒச்சம்மாள், மச்சினன் ஏகப்பன், அவன் பெண்டாட்டி.

"மாப்பிள்ளை, குத்தாலத்துக்கு எத்தனை மணிக்குக் கெளம்புறீக?" என்றார் மீனம்மாள்.

முத்துராமன் காரை மறைத்துக்கொண்டு நின்றான்.

"அத்தை, இது சின்னக் காரு. எல்லாரும் ஏறுனா தாங்காது."

"நாலு அங்குலம் அகலப்படுத்தினாகளாமே? ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீகளே!"

"ஆமா மச்சான்," என்றான் ஏகப்பன். அவன் இடுப்புக்கே அந்த நாலு அங்குலம் பத்தாது. "எங்கள மாதிரி ஆளுகளை நெனச்சுத்தான் அந்த எஞ்சினியரு அறுத்திருப்பாரு. நல்ல மனுசன்."

"டயரு பழசு..."

"கவிழாத வண்டியாம்ல மாப்பிள்ளை, பெறகென்ன பயம்?" என்றார் ஒச்சம்மாள்.

விடிந்ததும் ஏறினார்கள். தலைசுற்றல் என்று மீனம்மாள் முன்னால். மற்ற மூவரும் பின்னால். ஏகப்பன் உட்கார்ந்ததும் வண்டி ஒரு பக்கம் பெருமூச்சு விட்டது. புஷ்பவள்ளி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றாள்.

"நீ எங்க உக்காருவ?" என்றான் முத்துராமன்.

"எனக்கென்னங்க, பஸ்ஸுல வந்துக்கிறேன். பெரியவகளை அலைய விடலாமா? மதுரை பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க, பெறகு பாத்துக்கலாம்."

என்ன தியாகம்! முத்துராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. திருப்பத்தூர் தாண்டும் வரை கலங்கியே இருந்தது. அங்கேதான் மீனம்மாள் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"தப்பா நெனைக்காதீக மாப்பிள்ளை. இந்த டப்பாவுல ஏறுனாலே அவளுக்கு வயித்தைப் பெரட்டுதாம். மானகிரி போயிட்டு வர்றதுக்குள்ள பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாளாம். ஆசையா வாங்குனீகளே, சொன்னா மனசு நோவீகன்னு, 'நீங்கள்லாம் வந்து ஏறிக்கங்க'ன்னு அவதான் ஆள் விட்டா."

முத்துராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. சரித்திரம் அத்தனையும் சொன்னவன், உனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பஸ்ஸிலேயே போயிருப்பார்கள், ரெண்டு பேரும்.

மேட்டில் வண்டி முக்கியது. பின்னாலிருந்து பெரிய ஹாரன். மதுரை பஸ் உரசுகிற மாதிரி முந்தியது. ஜன்னலோரம் புஷ்பவள்ளி, தலை நிறையக் காற்று, மடியில் பிள்ளை சிரிக்கிறது.

"ஏங்க, மெதுவா வாங்க! ஒண்ணும் அவசரமில்ல!"

அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தது.