கேதீஸ்வரிக்குப் பிறகு

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் சனம் நிரம்பிவிட்டது. முப்பது வருடம் அந்தப் பிரிவைப் பார்த்த கேதீஸ்வரி, வெள்ளிக்கிழமை பூமாலையும் கழுத்துமாக ஓய்வுபெற்றுப் போயிருந்தார். அவருக்குப் பிறகு யார் என்று கேட்டு மாவட்டத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்திருந்தன. நிர்வாக உத்தியோகத்தர் சிவகரன் மூன்றையும் பத்திரமாக வைத்திருந்தார்.

"தம்பி, என்ரை மயிலிட்டிக் காணிக் கோவை, அந்தப் பைல் எங்கை? வியாழனோடை வீட்டுத்திட்டப் பட்டியல் மூடுதாம்" என்றார் முன்னால் நின்ற பத்மாவதி. இருபத்தேழு வருடம் இடம்பெயர்ந்து இருந்தவர் அவர்.

சிவகரன் புதிதாக வந்த தயாளினியைக் கேதீஸ்வரியின் கதிரையில் இருத்தினார்.

"அகர வரிசையிலை அடுக்கினால் டக்கெண்டு எடுக்கலாம் சேர்" என்றார் தயாளினி.

மத்தியானம் ஐந்து அலுமாரிக் கோவைகளும் நிலத்தில் கிடந்தன. 'ப'வில் பத்மாவதி இல்லை.

உதவிக்குச் சிவகரன் பிறப்புப் பதிவுப் பிரிவிலிருந்து கோபிகாவைக் கூப்பிட்டார். உடனே ஆளில்லாத அந்தப் பிரிவில் கைக்குழந்தைகளோடு நின்றவர்களும் சத்தம் போடத் தொடங்கினார்கள்.

வேறு வழியில்லாமல் கேதீஸ்வரிக்கு வட்ஸ்அப்பில் எழுதினார். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது:

"அது அவவின்ரை பேரிலை இல்லை. தகப்பன் வேலுப்பிள்ளையின்ரை பேரிலை பாருங்கோ. தமையன் தன்ரை பங்கை விட்டுக்கொடுத்த கடிதமும் உள்ளுக்கை இருக்கு. அதையும் குடுங்கோ, இல்லாட்டில் திருப்பி அனுப்புவினம்."

கோவை கிடைத்தது. கடிதமும் இருந்தது. பத்மாவதி கண்ணைத் துடைத்தார்.

புதன்கிழமைக்குள் நாற்பது கேள்வி போனது. நாற்பதுக்கும் பதில் வந்தது. எல்லைத் தகராறு, காணாமல்போன காணி உறுதிப் பத்திரம், ஒரே பெயரில் மூன்று ஆட்கள் என்று ஒன்றிலும் பிழையில்லை. 'இப்படி ஒரு மனிசியை எப்படி விட்டோம்?' என்று சிவகரனுக்கு நித்திரை வரவில்லை.

வியாழன் பின்னேரம் ஒரு குலை கதலி வாழைப்பழத்தோடு கோப்பாயில் இருந்த கேதீஸ்வரியின் வீட்டுக்குப் போனார். கேதீஸ்வரியின் கணவர் சண்முகநாதன் மிளகாய்த் தோட்டத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, அக்காவைக் கூப்பிடுங்கோ. ஒப்பந்தத்திலை எண்டாலும் திரும்ப வரச்சொல்லிக் கேக்கவேணும். அவவின்ரை மூளைக்கு அடுத்த ஆள் இந்த உலகத்திலை இல்லை."

"அவ சனிக்கிழமையே போனை என்னட்டைத் தந்திட்டுக் கதிர்காமக் கோயிலுக்கு நடக்கத் தொடங்கீட்டா, தம்பி" என்றார் சண்முகநாதன், வெட்கத்தோடு. "முப்பது வருசமாச் சோத்தோடை உந்தக் கோவையளைத்தானே எனக்குப் போட்டவ!"