பிடரியில் விழுந்த வெள்ளைக் கை

கடலுக்கு அந்தப் பக்கம் வெண்சுதை நாடு என்று ஒரு நாடு இருந்தது. காளவாய்களில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பிழைத்த நாடு. அரண்மனைச் சுவர்கள் பளிச்சென்று இருந்தன. குடிமக்களின் நுரையீரலைத் திறந்து பார்த்திருந்தால் அதுவும் பளிச்சென்றுதான் இருந்திருக்கும்.

அரசர் கருணை மிக்கவர். வேலை இழந்தவர்களுக்குக் கஞ்சி மண்டபத்தில் தினமும் கஞ்சி ஊற்றினார். ஆளை நீக்கும் முதலாளி, கையைச் சுண்ணாம்பில் தோய்த்து, அந்த ஆளின் பிடரியில் பதித்து வெளியே தள்ள வேண்டும் என்பது நாட்டு வழக்கம். பிடரியில் வெள்ளைக் கை தெரிந்தால் கஞ்சி உண்டு.

கஞ்சிக்கு வந்து நின்ற பூங்காவனத்தின் பிடரியில் வியர்வை மட்டும்தான் இருந்தது.

"உன்னை யார் தள்ளியது?" என்று கேட்டார் கஞ்சி அதிகாரி.

"யாரும் தள்ளலீங்க. நானாத்தான் நின்னுட்டேன். இருமுனா ரத்தம் வருது. இன்னொரு மழைக்காலம் காளவாய்ல நின்னா பொழைக்க மாட்டேன்னு வைத்தியரு சொல்லிட்டாரு. அந்தப் புகைதாங்க என்னைத் தள்ளுச்சு."

"புகைக்குக் கை உண்டா?"

"இல்லீங்க."

"கை இல்லாதது எப்படித் தள்ளும்? தானாக வேலையை விட்டவள் பசியையும் தானாகவே ஏற்றவள் என்கிறது சட்டம். அடுத்தவர் வரலாம்."

அவள் வெறுங்கையோடு திரும்பினாள். வீட்டில் அவள் புருஷன் சடையன் காத்திருந்தான். அதே காளவாயில் சுண்ணாம்பு தெறித்துக் கண் போனவன்.

"பானையில சத்தத்தையே காணமே?" என்றான்.

"சூடா இருக்கு, ஆறட்டும்" என்று பொய் சொன்னாள். அடுப்பு அன்று பற்றவைக்கப்படவே இல்லை.

இப்படிப்பட்டவர்கள் பெருகி முணுமுணுப்பு அரண்மனைக்கு எட்டியதும், பெருமந்திரி நன்னெறியார் மனமிரங்கினார். தக்க காரணத்தோடு வேலையை விட்டவருக்கும் இனி கஞ்சி உண்டு. காரணம் தக்கதுதான் என்று அவருடைய முதலாளியே வந்து சொன்னால் போதும். பூங்காவனத்தின் முதலாளியும் வந்தார். "புகையா? எங்கள் காளவாயில் அடிப்பது பனி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முணுமுணுப்பு அடங்காததால் பெருமந்திரி முதலாளிகள் மீதும் கண்டிப்புக் காட்டினார். ஆளைத் தள்ளுகிறவரே இனி அந்த ஆளுக்குக் கஞ்சியும் ஊற்ற வேண்டும் என்றார். மறுநாளிலிருந்து நாட்டில் யாரும் யாரையும் தள்ளவில்லை. வேலை இழந்தவரே இல்லாத நாடு என்று முரசறைந்தார்கள். மண்டபத்து அடுப்பில் பூனை படுத்துக்கொண்டது.

மூன்றாவது ஆணைதான் பூங்காவனத்தைப் பிடித்தது. தானாக விட்டவர்கள் அதே வேலையில் மறுபடி சேர்ந்து, முறைப்படி தள்ளப்பட்டு வந்தால் கஞ்சி உண்டாம்.

போனாள். தள்ளு வாங்குவதற்காக என்னென்னவோ செய்து பார்த்தாள். கூடையைப் போட்டு உடைத்தாள். வேலை நேரத்தில் கால் நீட்டிப் படுத்தாள். முதலாளியின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்தார்.

"நீ என் தங்கச்சி மாதிரிம்மா. உன் மேல கை வைப்பனா?" என்றவர், புகை மண்டுகிற காளவாய் வாய்க்கே அவளை மாற்றிவிட்டார். தானாக ஓடிவிடுவாள் என்று கணக்குப் போட்டார். எங்கே ஓடுவாள்? கூலி வந்தது. பானையில் சத்தம் வந்தது. அவள் நெஞ்சிலும் வந்தது.

மழை பிடித்த ஒரு நாள் முரசறைபவன் அந்தப் பக்கம் வந்தான். "பெருமந்திரி நன்னெறியார் பதவியைத் தானாகவே துறந்தார்! அரசவைச் சாம்பிராணிப் புகை அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை! அந்தத் தியாகத்தைப் போற்றி, ஆயுள் முழுக்க மாளிகையும் நெய்ச்சோறும் அளிக்கிறார் அரசர்!"

பூங்காவனம் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கினாள். "அண்ணே, அவரு பிடரியில கை பட்டுச்சா?"

அவன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "பட்டுச்சும்மா. மாலை போட்டாங்கல்ல, அப்போ."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமல் முந்திக்கொண்டது. அது நின்றபோது அவளும் அடங்கியிருந்தாள். பூங்காவனம் தானாகவே வேலையை விட்டுவிட்டாள் என்று முதலாளி உடனே மண்டபத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

கூட வேலை செய்தவர்கள் சுண்ணாம்புக் கையோடு கழுத்தைத் தாங்கி அவளைப் பாடையில் கிடத்தினார்கள். சடையன் பாடையைத் தடவிக்கொண்டே நடந்தான். மண்டபத்தின் முன் அதிகாரி ஊர்வலத்தை நிறுத்தி, கடமை தவறாமல் அவள் தலையைச் சற்றுத் திருப்பிப் பார்த்தார். பிடரியில் வெள்ளைக் கை தெளிவாகப் பதிந்திருந்தது.

"எல்லாம் முறைப்படி இருக்கிறது. இவளுக்குக் கஞ்சி உண்டு" என்றார். "பாத்திரத்தோடு அவளே நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்."