எங்கள் எம்.டி.யின் ஈரக் கண்கள்

உலகத்தில் நிறுவனங்கள் இரண்டே வகை. ஆட்களை அழாமல் வேலையை விட்டு அனுப்புபவை ஒன்று. அழுதுகொண்டே அனுப்புபவை இன்னொன்று. மனிதகுலம் குகையிலிருந்து புறப்பட்டு இத்தனை தூரம் நடந்து வந்ததே இந்த இரண்டாவது வகையை அடையத்தான் என்பது என் துணிபு. அட்டைப்பெட்டி தயாரிக்கும் எங்கள் நிறுவனம் அந்த வகை. அதன் பணியாளர் நல அதிகாரி என்ற முறையில் இதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் எம்.டி. ‘ஆட்குறைப்பு’ என்று சொல்ல மாட்டார். ‘அன்பு விடை’ என்பார். மீட்டிங் அறையில் தம் நாற்காலியில் அமர்ந்து, கண் சிமிட்டாமல் லேப்டாப்பைப் பார்த்தபடி நிறுவனத்தின் நிலைமையை வாசிப்பார். கொஞ்ச நேரத்தில் கண்கள் சிவக்கும். பிறகு பொலபொலவென்று கொட்டும். எதிரே இருப்பவர் பதறிப்போய், “நீங்க ஏன் சார் அழறீங்க” என்று தம் கைக்குட்டையை நீட்டிவிட்டு, ‘நானாகவே விலகுகிறேன்’ என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் யாரையும் அனுப்ப முடியாது. அனுப்பினால் காரணம் காட்ட வேண்டும். எங்களிடம் காரணம் இருந்ததில்லை. கைக்குட்டைகள் ஒரு அலமாரி நிறைய இருந்தன.

இந்த உன்னத ஏற்பாட்டுக்கு ஒரு சோதனை வந்தது. மீட்டிங் இல்லாத நாளிலும் எம்.டி.யின் கண்கள் சிவந்தே இருந்தன. ‘கண்வலி, ஒட்டிக்கும்’ என்று பேச்சு கிளம்பியதில் எல்லோரும் கதவோரமே நின்று பேசிவிட்டு ஓடினார்கள். அடுத்த அன்பு விடையோ நெருங்கிவிட்டது. பதறிப்போய் அவரைக் கண் டாக்டரம்மாவிடம் அழைத்துச் சென்றேன்.

“அரிக்குதா?” என்றார் டாக்டரம்மா.

“இல்ல.”

“காலையில பீளை கட்டி இமை ஒட்டிக்குதா? வெளிச்சத்தைப் பார்த்தா வலிக்குதா? பார்வை மங்குதா?”

“அதெல்லாம் இல்ல. மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும், எரியும்.”

விளக்கை அடித்து இரண்டு கண்களையும் பார்த்தார். சாயம் தோய்ந்த காகிதத் துண்டை வைத்தும் சோதித்தார். “அரிப்புதான் பெரிசா இருந்தா அலர்ஜியான்னு பார்ப்பேன். பீளை கட்டினா தொத்து நோயான்னு பார்ப்பேன். வலியோட பார்வையும் மங்கினா உடனே கவனிக்க வேண்டிய வேற வியாதி. உங்களுக்கு அது எதுவும் இல்ல. கண் வறட்சி.”

எனக்குச் சுருக்கென்றது. “டாக்டர், ஊருக்கே அழறவர் இவரு. இவருக்கா வறட்சி?”

“கண்ணு மேல இருக்கிற ஈரம் நிக்காம காய்ஞ்சா எரியும். எரிச்சல் தாங்காம வெறும் தண்ணியா ஊத்தும். அதுக்கும் துக்கத்துக்கும் சம்பந்தம் இல்ல. எங்க உக்காந்தா ரொம்ப ஊத்துது?”

“மீட்டிங் ரூம்ல.”

“ஏசி எங்க இருக்கு?”

“நேரா என் மூஞ்சிக்கு.”

“வேற எங்கயாவது இப்படி அழுதிருக்கீங்களா? வீட்ல ஏதாவது துக்கம்னா?”

எம்.டி. நேர்மையாக யோசித்தார். “எங்க அம்மா தவறினப்ப அழல. அன்னைக்குக் கரண்ட் இல்ல.”

டாக்டரம்மா சொட்டு மருந்து எழுதினார். ஏசிக் காற்று முகத்தில் படக் கூடாது, அடிக்கடி கண்ணைச் சிமிட்ட வேண்டும் என்றார். எம்.டி. தொண்டையைச் செருமிக்கொண்டு, “இதைக் குணப்படுத்தாம வச்சிருக்க ஏதாவது மருந்து இருக்கா?” என்று கேட்டார். டாக்டரம்மா அடுத்தவரைக் கூப்பிட்டார்.

காரில் எம்.டி. சொன்னார்: “மீட்டிங் முடியிற வரைக்கும் சொட்டு மருந்து வேணாம். ஏசியை இன்னும் நல்லா என் பக்கம் திருப்பி வை. அப்புறம், கட்டிங் மெஷின்ல நிக்கிறானே உன் தங்கச்சி புருஷன், அவன் பேரும் லிஸ்ட்ல இருக்கு. நீயும் மூஞ்சியைக் கொஞ்சம் சோகமா வச்சிக்க.”

அவர் சொல்லாமலே என் முகம் அப்படித்தான் ஆகியிருந்தது. தங்கை வேறு மாசமாக இருக்கிறாள்.

மீட்டிங் அன்று காலை அவளே போன் செய்தாள். “அண்ணா, இவரையும் மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருக்காங்களாம். உங்க எம்.டி. இளகின மனசுக்காரர்னு நீதானே சொல்லுவ. இவரைப் பார்த்து அழுதாருன்னா அனுப்ப மாட்டாரு இல்ல?”

போனை வைத்துவிட்டு மீட்டிங் அறை ஏசியைப் போடப் போனேன்.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். எம்.டி. வாசித்தார். சிவந்தது. கொட்டியது. மாப்பிள்ளை கைக்குட்டையை நீட்டி, “விடுங்க சார், உடம்புக்கு ஆகாது” என்று பேனாவையும் எடுத்துவிட்டார். மீட்டிங் அறை ஏசியின் ரிமோட் நல அதிகாரியின் பொறுப்பு. அதை அணைத்தேன். “மாப்பிள்ளை, கையெழுத்து எங்கயும் ஓடிப் போகாது. சார் அழுது முடிக்கட்டும், இருங்க” என்றேன்.

காத்திருந்தோம். கண்ணீர் நின்றது. எம்.டி. ஏசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஈரம் மருந்துக்கும் இல்லை. மாப்பிள்ளை அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தார்.

“நான் எதுக்கு சார் விலகணும்?”

அந்த அறையில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. லேப்டாப்பில் அதற்குப் பதில் இல்லை.

மாப்பிள்ளை இன்றும் கட்டிங் மெஷினில் நிற்கிறார். மறு வாரம் எனக்கு அன்பு விடை கிடைத்தது. ‘குளிர்சாதன வசதியில் அத்துமீறிக் குறுக்கிட்டது’ என்று காரணமும் காட்டினார்கள். காரணத்தோடு அனுப்பப்பட்ட முதல் ஆள் நான்தான். கையெழுத்து தேவைப்படவில்லை என்பதால் எம்.டி. ஏசியைப் போடச் சொல்லவில்லை. சொட்டு மருந்தும் நன்றாக வேலை செய்திருந்தது. நான் கொண்டுபோன கைக்குட்டை மடிப்புக் கலையாமல் வீடு திரும்பியது.

நல அதிகாரியாக நான் தர வேண்டிய கடைசி அறிவிப்பு ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த நிறுவனத்தில் எங்கள் எல்லோருக்காகவும் அழுதது அந்த ஏசி ஒன்றுதான். அதை இன்னும் யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை.