லியாவ் தேர்ந்தெடுத்த புத்தகங்கள்

செல்வத்தின் தாய் அறிவு. அறிவின் தாய் நல்ல புத்தகம். தைவானின் தைச்சுங் நகரில், குடிநீர்க் குழாய் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற லியாவ் இந்தப் பேருண்மையை ஒரு புத்தகக் கடையின் மூன்றாம் மாடித் தரையில் சம்மணமிட்டுக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த கையோடு கால் மரத்துப்போய், அலமாரியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

ஓய்வுப் பணத்தைப் பங்குச் சந்தையில் பெருக்கி, மனைவி பெய்-யுன்னை ஜப்பானுக்குப் பனி பார்க்க அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். பெய்-யுன் கம்பளிக் கோட்டுகூட வாங்கிவிட்டாள். ஆனால் முதலில் சரியான புத்தகம் அமைய வேண்டுமே.

“ஏதாவது ஒண்ணை வாங்கிட்டு வந்து தொலைங்களேன்,” என்றாள் அவள்.

“புத்தகத்தையே பார்த்து எடுக்கத் தெரியாதவன் பங்கை எப்படி எடுப்பான்?”

ஆகவே தினமும் காலையில் வெந்நீர்க் குடுவையோடு கடைக்குப் போனார். ஒரு புத்தகத்தின் முன்னுரை பிரமாதம். முடிவு சொதப்பலாம் என்று கடைசிவரை பார்த்தார். சொதப்பல்தான். இன்னொன்றை எழுதியவர் அட்டையில் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பணம் சேர்த்தவன் புத்தகம் எழுதி ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று லியாவுக்குச் சந்தேகம். அதையும் கடைசிப் பக்கம்வரை சோதித்தார். சுற்றிலும் அவரைப் போலவே கால் நீட்டிப் படிக்கும் ஜனங்கள். கழிவறைக்குப் போய் வருவதற்குள் இடம் போய்விடும்.

ஒரு தடிப் புத்தகம் சொன்னது: எந்தக் கடையில் கூட்டம் அலைமோதுவதைக் கண்ணால் பார்க்கிறாயோ, அந்தக் கடையின் பங்கை வாங்கு.

லியாவ் நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் ஓய்வுப் பணத்தில் பாதி, அந்தப் புத்தகக் கடையின் பங்காக மாறியது.

பங்கு இறங்கியது.

கடைக்கு ஓடினார். ஒல்லியான புத்தகம் ஒன்று, இறங்கும்போது இன்னும் வாங்குபவனே வீரன் என்றது. மீதிப் பாதியும் போனது. பங்கு இன்னும் இறங்கியது.

கூட்டம் போதவில்லை என்ற முடிவுக்கு வந்தார் லியாவ். மாஜாங் காய் ஆடும் நண்பர்களைக் கையோடு கூட்டிவந்து மூன்றாம் மாடியில் உட்கார வைத்தார்.

“என்னப்பா லியாவ், ஏசி எங்க வீட்டைவிடப் பிரமாதமா இருக்கே,” என்ற ஷியே, அடுத்த நாள் மச்சான் குடும்பத்தையே அழைத்து வந்துவிட்டார். நெரிசலில் மாடிப்படியிலும் ஆட்கள் உட்கார்ந்து படித்தார்கள். லியாவுக்குப் புல்லரித்தது. அந்த வாரம் பங்கு தலைகுப்புற விழுந்தது.

“பனி எப்போ?” என்றாள் பெய்-யுன்.

“சந்தை கொஞ்சம் உணர்ச்சிவசப்படுது.”

“நானும்தான்.”

பங்குதாரர் கூட்டம் வந்தது. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் அன்பளிப்பு உண்டு என்பதால் தெருவில் யாரும் இம்மாதிரிக் கூட்டங்களைத் தவறவிடுவதில்லை. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரி ஏதோ ஒரு கம்பெனியில் வாணலி வாங்கி வந்திருந்தாள். பெய்-யுன்னும் பெரிய பையாக எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

லியாவ் எழுந்து ஒலிவாங்கியைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

“நான் தினம் வர்றவன். உட்கார இடமில்ல, அவ்வளவு கூட்டம். அப்புறம் நஷ்டம் எங்கேர்ந்து வருது? நிர்வாகம் பதில் சொல்லணும்.”

பலத்த கைதட்டல். தலைவர், பங்குதாரரின் வாசிப்பு ஆர்வத்துக்கு நன்றி தெரிவித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போனார்.

வெளியே அன்பளிப்பு மேசையில், மூன்றாம் மாடி விற்பனையாளர் சூ அம்மா உட்கார்ந்திருந்தார். கொடுத்தது ஓர் அட்டை: படித்த பக்கத்தில் அடையாளம் வைப்பதற்கு. அதில் வெள்ளை வெளேரென்று ஒரு பனிமலை.

பெய்-யுன் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“பனி காட்டிட்டீங்க,” என்றாள்.

லியாவ் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைக்கப் போனார். சூ அம்மா கையை நீட்டினார்.

“வீட்டுக்கு எதுக்கு சார்? என்கிட்டயே குடுங்க. நேத்து நீங்க விட்ட பக்கத்துல வெச்சிடறேன்.”

லியாவ் கொடுத்துவிட்டார். வீட்டில் அதை வைக்க ஒரு புத்தகமும் இல்லை.